யோகா அக்காவும் பூட்டாத பைப்பும்

நானூறு பேர் எனக்குக் கை தட்டினார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த மனக்குறையைப் பல வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். யோகா அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மெரிலேண்ட்ஸில் எங்கள் சங்கம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் விழா வைத்தது. தை மாதம் என்றால் சிட்னியில் நெருப்பு வெயில். மேடையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும்போது பெண்கள் பக்கத்துக் கழிவறை அடைத்துத் தண்ணீர் நடைபாதைக்கு வந்துவிட்டது. சங்கத் தலைவர் விக்னராஜா அண்ணை சாப்பாட்டு வரிசையில் நின்ற என்னை வந்து பிடித்தார்.

"ஐசே சிறி, நீர் பிளம்பர்தானே. ஒருக்கா வாருமன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். வேலையை முடித்துக் கை கழுவி வெளியே வந்தபோது பொங்கலும் முடிந்திருந்தது, வடையும் முடிந்திருந்தது. விக்னராஜா அண்ணை என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டு, மேலே "எங்கள் சமூகத்தின் சொத்து" என்று ஒரு வரியும் எழுதினார். நானூறு பேருக்கு மேல் லைக் போட்டார்கள். கும்பிடுகிற கைகள், இதயங்கள், "சூப்பர் அண்ணா", "வாழ்க வளமுடன்". வீட்டில் என் மனுசி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கிழமைகள் போயின. லைக் போட்ட அத்தனை வீட்டிலும் ஒரு குழாய்கூடவா ஒழுகவில்லை? அடுத்த மாதம் அதே பக்கத்தில் ஒருவர், "நல்ல பிளம்பர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். கீழே ஒரு பிள்ளை, "சிறி அண்ணா இருக்கிறார்" என்று எழுதினாள். அதற்கும் இதயம் போட்டார்கள். கேட்டவர் கடைசியில் வேறு யாரையோ கூப்பிட்டார். சமூகத்தின் சொத்து வானுக்குள் உட்கார்ந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் எனக்கு இது விளையாட்டு இல்லை. நான் ஊரில் சண்டை வந்து ஏழாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவன். இங்கே வந்து ஒரு லெபனான் முதலாளியிடம் வருடக்கணக்காக வேலை செய்து, விழுந்து எழும்பி லைசென்ஸ் எடுத்தேன். முதலாளி வயது போய்த் தொழிலை மூடினார். நான் சொந்தமாக வான் வாங்கினேன். ஃபோன் அடிக்கவில்லை. மனுசியின் தம்பி கீர்த்தனன் மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கிறான். கிழமைக்கு ஒருமுறை ஃபோன் எடுப்பான்.

"அத்தான், இஞ்ச வேர்ஹவுஸில இடம் இருக்கு. நான் மனேஜரிட்டக் கதைச்சிட்டன். எங்கட லேனிலயே வீடும் ஒண்டு வாடகைக்குப் போகுது. வாங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னான். அடுத்த தை மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்வரை பார்ப்பது, அதற்குள் தொழில் ஓடாவிட்டால் வானை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ட்ருகனினாவுக்குப் போவது என்று வீட்டில் முடிவு செய்தோம். மூத்த மகள் அதைக் கேட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மனுசி பெட்டி கட்டத் தேவைப்படும் என்று கடையில் இருந்து காட்போட் பெட்டிகளைக் கொண்டுவந்து கராஜில் அடுக்கத் தொடங்கினாள். தினமும் வானை எடுக்கும்போது அந்தப் பெட்டிகள் என்னைப் பார்க்கும்.

அப்படி ஒரு நாளில்தான் யோகா அக்கா எடுத்தார்.

"சிறியோ? ஏன்ரா தம்பி, நீ என்ன தலைமறைவோ?"

"ஆர் கதைக்கிறது?"

"யோகா. ஸ்டேஷனுக்குப் பின்னால இருக்கிற ஃபிளாட். குசினிச் சிங்குக்குக் கீழ வாளி வைச்சிருக்கிறன். உன்னைக் கூகிளில தேடித் தேடிக் களைச்சுப் போனன். கடைசியில மரக்கறிக் கடையில உன்ர மனுசியைக் கண்டு நம்பர் வாங்கினனான். இப்பிடி மனுசியைத் தேடிப் பிடிச்சுத்தான் உன்னைப் பிடிக்கவேணும் எண்டா, எத்தினை பேர் பிடிப்பினம்?"

போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், நரை, பெரிய கண்ணாடி. நான் சிங்குக்குக் கீழே படுத்திருக்க, அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு என்னை விசாரணை செய்தார். நான் பொங்கல் கதையைச் சொன்னேன். நானூறு லைக் கதையையும் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி என் காலில் சிந்தியது.

"தம்பி, கலியாண வீட்டில ஆயிரம் பேர் உன்னைக் காணுவினம். 'எப்பிடிச் சுகம், மெலிஞ்சு போனாய்' எண்டு கேப்பினம். போயிடுவினம். அதுதான் முகநூல். குசினி முழுக்கத் தண்ணி, ஈரக் கையோட ஒருத்தி ஃபோனை எடுக்கிறாள் பார், அவள் வேற ஆள். அவளுக்கு உன்ர முகமும் வேண்டாம், நீ சமூகத்தின்ர சொத்தோ எண்டும் தெரியவேண்டாம். அந்த நிமிசம் உன்ர நம்பர் அவளின்ர கண்ணில படவேணும். அவள் தேடுற இடத்தில நீ நிக்கிறியோ?"

"இல்லை அக்கா."

"அப்ப உனக்கு ஏன் பிளம்பர் வேலை? போய் டான்ஸ் ஆடு, லைக்காவது கூட விழும்."

யோகா அக்காவுக்கு இந்தக் கதை கதைக்க உரிமை இருந்தது. இருபத்திரண்டு வருடம் அந்தப் பெரிய மஞ்சள் டெலிபோன் புத்தகத்துக்கு விளம்பரம் பிடித்தவர். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தச்சன், மேசன், பிளம்பர் எல்லாரோடும் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தவர். "யோகா" என்று பேர் சொன்னால் வெள்ளைக்காரர் எல்லாரும், "நீ யோகா படிப்பிக்கிறாயா?" என்று கேட்பார்களாம். "ஓம், முதல்ல விளம்பரத்தைப் போடு, பிறகு மூச்சை இழு" என்று சொல்லி விற்றுவிடுவாராம்.

"அந்தப் புத்தகத்திலயும் முதல் இடத்துக்கு அடிபாடுதான். பேர்கள் எழுத்து வரிசையிலதானே வரும். ஒருத்தன் 'ஏ பிளம்பிங்' எண்டு பேர் வைச்சான். அவனை முந்த இன்னொருத்தன் 'ஏ ஏ பிளம்பிங்' எண்டான். பிறகு 'ஏ ஏ ஏ'. கடைசியில ஒரு வயசு போனவன் வரிசையா ஏழு ஏ சொன்னான். 'சேர், உங்களுக்குத் தொழில் பிளம்பிங்கோ, இல்லாட்டிப் பல்லுக் குத்தோ?' எண்டு கேட்டனான்."

புத்தகத்தை ஒருவரும் திறக்காத காலம் வந்தது. கம்பனி ஆட்களை நிறுத்தியது. மற்றவர்கள் அழுதுகொண்டு போக, அக்கா நேரே போய் வெப்சைட் செய்கிற படிப்பில் சேர்ந்தார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய வயதில் பாதி. "சனம் தேடுறதை விடேல்ல, புத்தகத்தை மட்டும்தான் விட்டது" என்றார் என்னிடம்.

அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தவர் ஒரு நாள் வேலைக்கு என்று பிரிஸ்பேனுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார் என்று ஊரில் கதைப்பார்கள். பிள்ளைகள் இல்லை. அந்தாளைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டு.

"நான் தேடேல்ல, தம்பி."

எனக்கு வெப்சைட் செய்ய அக்காதான் வலிய வந்தார். தன்னுடைய தொழிலுக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. கேட்டால், "என்ர பேரைத் தேடினா முழுக்கக் காலைத் தூக்கித் தோளில வைச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள்தான் வருகினம். அதுக்குள்ள நான் எங்க போய் நிக்கிறது?" என்பார்.

முதல் வெப்சைட் வடிவாகத்தான் இருந்தது. நீலக் கலர், பளபளக்கிற குழாய்ப் படம், பிழையில்லாத ஆங்கிலம். "எமர்ஜென்சி பிளம்பர் சிட்னி" என்று பெரிய எழுத்து. என்னைப் பற்றி நானே இரண்டு வரி எழுதித் தரவேண்டும் என்று அக்கா கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறகு காத்திருந்தோம். சித்திரை போனது, வைகாசி போனது. சிட்னியில் பிளம்பர் என்றால் நூறு வான் ஓடுகிற பெரிய கம்பனிகள் இருக்கின்றன. அவர்களைத் தாண்டி நான் எங்கே தெரிவது? கூகிளில் தேடினால் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தேன்.

"ஒன்பதாம் பக்கத்தில பிணத்தை ஒளிச்சு வைச்சாலும் பொலிசுக்குத் தெரியாது" என்றார் அக்கா. சொன்னதும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவருடைய முகத்தில் முதல்முதலாகப் பயத்தைக் கண்டேன். என் கராஜில் இருந்த பெட்டிகளைப் பற்றி மனுசி அவருக்குச் சொல்லியிருந்தாள்.

விக்னராஜா அண்ணையை மரக்கறிக் கடையில் கண்டேன். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றார்.

"என்ன ஐசே, யோகாவின்ர கூகிள் உம்மைக் கை விட்டுட்டுதாம்? நான் இன்னொரு போஸ்ட் போடட்டே?"

"வேண்டாம் அண்ணை. போன முறை போட்டதே இன்னும் செமிக்கேல்ல."

ஆடி மாதக் குளிரில் ஒரு காலை ஃபோன் அடித்தது. ஒரு வயது போன குரல்.

"தம்பி, பைப் பூட்டுறவர் நீங்கள்தானே?"

மீனாம்பாள் அன்ரி. ஸ்ட்ராத்ஃபீல்டில் மகனோடு இருக்கிறார். குளியலறைக் குழாய் எவ்வளவு இறுக்கினாலும் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து போய்விட்டது. மாற்றிக் கொடுத்தேன். வேலைக்குக் கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும், எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. கேட்டேன்.

"மகன் வேலைக்குப் போயிட்டான். நான்தான் ஐபாட்டில அடிச்சுப் பாத்தனான். முதல்ல வந்தது நீங்கள்தான்."

"முதல்லயோ? அன்ரி, என்னெண்டு அடிச்சனீங்கள்?"

அன்ரி கண்ணாடியைப் போட்டு, ஐபாட்டைத் தேடி எடுத்து, பெருமையாகக் காட்டினார். தேடுகிற பெட்டிக்குள் அவர் அடித்திருந்தது இதுதான்: "பைப் நொட் லொக்கிங்."

எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கும். சுவருக்குள் ஓடுகிற குழாயைத்தான் வெள்ளைக்காரர் பைப் என்பார்கள். திறந்து மூடுகிறதை டாப் என்பார்கள். எங்களுக்கு எல்லாமே பைப். அதை நாங்கள் மூடுவதும் இல்லை. கதவைப் பூட்டு, ஜன்னலைப் பூட்டு, பைப்பைப் பூட்டு. பைப் பூட்டுப்படவில்லை என்பதைத்தான் அன்ரி ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார். சிட்னியில் உள்ள எந்தப் பெரிய கம்பனி இப்படி எழுதும்?

வாசலில் நின்றே அக்காவுக்கு எடுத்தேன். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அடேய், அது உன்ர வசனமெல்லே! நீ எழுதித் தந்தாய், 'எனி பைப் நொட் லொக்கிங், ஐ கம்' எண்டு. எல்லாத்தையும் திருத்தினனான். அந்த ஒரு பக்கத்தைத் திருத்த மறந்திட்டன்."

பிறகு சிரிப்பு நின்றது.

"சிறி, உடன வீட்டை வா."

போனபோது அக்கா கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து, தான் மாதக்கணக்காக எழுதிய அழகான ஆங்கிலத்தை எல்லாம் ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டிருந்தார். தன் கையால் செய்ததை அப்படி ஈவிரக்கம் இல்லாமல் அழித்த இன்னொரு மனிதரை நான் காணவில்லை. நானே ஒரு குழாயைப் பிழையாகப் பொருத்திவிட்டால் அதைக் கழற்ற மனம் வராமல் அரை நாள் நிற்கிற ஆள்.

"இவ்வளவு நாளும் வெள்ளைக்காரன் தேடுற மாதிரி எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன். எங்கட சனம் தமிழில யோசிச்சு இங்கிலிசில அடிக்குது. அந்தத் தெருவில ஒரு கம்பனிக்காரனும் இல்லை. நீ மட்டும்தான். தெரியாமல் போய் நிண்டிருக்கிறாய்."

அன்றைக்குத் தொடங்கியதுதான் யோகா அக்காவின் வேலை முறை. கூப்பிடுகிற ஒருவரையும் விடமாட்டார். நான் வேலையில் இருக்கும்போது என் ஃபோன் அவருடைய ஃபோனுக்குப் போகும்படி செய்தார். எடுத்தவுடன், "பொறுங்கோ, சிறி வருவான். என்னெண்டு அடிச்சனீங்கள்? ஒரு எழுத்தும் மாத்தாமல் சொல்லுங்கோ" என்பார். சிலர் வெட்கப்படுவார்கள். "எனக்கு இங்கிலிஷ் சரியா வராது அன்ரி" என்பார்கள். "சரியா வராதபடியாத்தான் கேக்கிறன்" என்பார் அக்கா. சிங்க் தண்ணீரை இழுக்கவில்லை என்று ஒருவர் "சிங்க் நொட் புல்லிங்" என்று அடித்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு பக்கம் எழுதினார். மேலே அவர்களுடைய வசனம். கீழே என்ன பழுது, எப்படித் திருத்துவது, என் நம்பர்.

இந்தியத் தமிழரின் சொல் வேறு என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. மெரிலேண்ட்ஸில் ஒரு இந்தியச் சாமான் கடை வாசலில் போய் நின்றுகொண்டு, அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு வந்த ஒரு பிள்ளையை மறித்தார். நானும் கூட நின்றேன். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

"பிள்ளை, வீட்டில சுடுதண்ணி வராட்டி என்னெண்டு தேடுவீர்?"

"என்னாங்க?"

"ஹொட் வோட்டர், ஹொட் வோட்டர். பழுதாப் போனா?"

"ஓ, கீஸரா? கீஸர் ரிப்பேர்னுதான் தேடுவேன். வேற எப்படித் தேடுறது?"

அக்கா அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தடவினார். நடுரோட்டில், முன்பின் தெரியாத பிள்ளையை. "சிறி, கீஸராம்! இந்த ஊரில ஒரு பிளம்பரும் எழுதியிருக்க மாட்டான்" என்று கடை வாசலில் கத்தினார். மூட்டையை வாங்கி அந்தப் பிள்ளையின் காரில் ஏற்றிக்கொடுத்துவிட்டு வந்தோம். நாலாம் கிழமை ஒரு கோயம்புத்தூர்க்காரர் எடுத்தார்: "சார், கீஸர் பார்ப்பீங்களா?"

ஃபோன் அடிக்கத் தொடங்கியது. ஆனால் குடும்பத்தைச் சிட்னியில் வைத்திருக்க அது இன்னும் காணாது. கார்த்திகை வந்துவிட்டது. பெட்டிகள் கராஜில் அப்படியே இருந்தன.

அந்த நேரம் பார்த்து விக்னராஜா அண்ணையின் மனைவியின் வைரத் தோடு கை கழுவுகிற தொட்டிக்குள் போனது. கலியாணத் தோடு. அந்த அம்மா நிலத்தில் உட்கார்ந்து அழ, நான் கீழே உள்ள வளைந்த குழாயைக் கழற்றிச் சேற்றுக்குள் இருந்து தோட்டை எடுத்தேன். விக்னராஜா அண்ணை முழுவதையும் வீடியோ எடுத்திருந்தார். நாதஸ்வரம் பின்னால் வாசிக்க முகநூலில் போட்டார். கீழே என் வெப்சைட்டையும் போட்டார். நல்லது செய்யத்தான் போட்டார்.

அது பறந்தது. லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். டொரொன்டோவில், லண்டனில், பாரிஸில் எல்லாம் என் கையும் அந்தத் தோடும்தான். மூஞ்சி தெரியாத ஆட்கள் எடுத்தார்கள். "அண்ணை, கனடாவில ஸ்காபரோவுக்கு வருவீங்களோ?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். வெப்சைட்டுக்குள் அவ்வளவு கூட்டம் ஒரேயடியாக ஏறியதும் அது மூச்சடைத்து விழுந்தது. அன்றைக்கென்று சிட்னியில் பெரிய மழை. மழைத் தண்ணீர் ஓடுகிற கான் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் தேடியிருப்பார்கள். பக்கம் திறக்கவில்லை.

விக்னராஜா அண்ணை வெற்றிச் சிரிப்போடு அக்காவின் ஃபிளாட்டுக்கே வந்தார்.

"யோகா, பாத்தீரோ? நீர் மாசக்கணக்காக் கொண்டுவந்த ஆக்களை நான் ஒரு மணித்தியாலத்தில கொண்டுவந்தனான்."

"ஓம், கொண்டுவந்தியள். தேர் பாக்க வந்த சனம் மாதிரி றோட்டை மறிச்சுக்கொண்டு நிக்குது. உள்ளுக்க அம்புலன்ஸ் போகேலாமல் கிடக்கு. இஞ்ச வீட்டுக்குள்ள தண்ணி வந்தவள் ஆரைக் கூப்பிடுறது? ஸ்காபரோக்காரனையோ?"

"நான் உதவி செய்யப் போய்..."

"இருங்கோ. ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ. பேச்சு வேற, தேத்தண்ணி வேற."

இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்து அக்கா வெப்சைட்டை எழுப்பினார். கூட்டம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அடுத்த கிழமை டொரொன்டோவில் இருந்து இன்னொரு அழைப்பு. நான் வெட்டிவிடப் பார்த்தேன். பெண் குரல், தயங்கித் தயங்கிக் கதைத்தது.

"அங்கிள், உங்கட வீடியோ பாத்தனான். அம்மா சிட்னியில தனிய இருக்கிறா. பாத்ரூமில தண்ணி நிக்குதாம், ஒரு மாசமா. எனக்கு இப்பத்தான் சொல்லுறா. வழுக்கி விழுந்திட்டா ஆரும் இல்லை. நான் இஞ்ச இருந்து ஆரைக் கூப்பிடுறது? வாறவர் ஆரெண்டும் தெரியாது. நீங்கள் அந்தத் தோடு துலைச்ச அன்ரியோட கதைச்ச விதத்தைப் பாத்தாப் போல..."

அன்றைக்கே போய்ச் செய்து கொடுத்தேன். அந்தத் தாய் எனக்கு இடியப்பம் கட்டித் தந்தார். இடியப்பத்தோடு அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தேடுறவளுக்கு முகம் தேவையில்லை எண்டு சொன்னனான் என்ன? தனக்காகத் தேடுறவளுக்குத் தேவையில்லை. தாய்க்காகத் தேடுறவளுக்கு முகம்தான் முதல்ல வேணும். நான் பிழை."

"ஓம் அக்கா."

"விக்னராஜாவுக்குச் சொல்லிப் போடாத. அந்தாள் அதையும் போஸ்ட் போடும்."

ஆனால் அக்காவே சொல்லிவிட்டார். ஃபோனில் எடுத்து, "அண்ணை, அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்கோ, நாதஸ்வரத்தை வெட்டிப் போட்டு" என்று கேட்டார். தோற்றதைச் சொல்ல அவ்வளவு பெரிய வாயும் ஒரு கணம் திக்கியது. ஆனால் சொன்னார். பிறகு அந்த டொரொன்டோப் பிள்ளைக்கு எடுத்தார். "பிள்ளை, வீடியோவைக் காணாட்டி, அம்மாவுக்கு ஆள் பிடிக்க என்னெண்டு அடிச்சிருப்பீர்?" என்று கேட்டு, அவள் சொன்னதை அப்படியே தலைப்பாக வைத்து ஒரு பக்கம் எழுதினார். அம்மா தனியே, சிட்னி, தமிழ் தெரிந்த பிளம்பர். அதற்குள் வீடியோவை வைத்தார். வேலை முடிந்ததும் நான் அம்மாவையும் குழாயையும் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்ப வேண்டும் என்பது புதுக் கட்டளை. அந்தப் படங்களைப் பிள்ளைகள் தங்கள் முகநூலில் போட்டார்கள். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் தேடி வந்தார்கள். நோர்வே, சுவிஸ், சிங்கப்பூர். உலகம் முழுக்க இருக்கிற பிள்ளைகளின் தாய்மார் பாதிப் பேர் மேற்குச் சிட்னியில்தான் குழாய் ஒழுக இருக்கிறார்கள் போல.

மார்கழிக் கடைசியில் கீர்த்தனனுக்கு எடுத்தேன்.

"தம்பி, நாங்கள் வரேல்ல."

"அப்ப வேர்ஹவுஸ், அத்தான்?"

"அந்த இடத்தை வேற ஆருக்கும் குடு."

மனுசி அன்றைக்குப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக் குப்பைக்குள் போட்டாள். மூத்தவள் வந்து தானும் இரண்டை மிதித்தாள். யோகா அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "நல்லது" என்ற ஒரு சொல்தான். உடனே, "நேற்று வேலைக்குக் கூப்பிட்ட மூஸாவிட்ட அவர் அடிச்ச வசனத்தைக் கேட்டனியோ?" என்றார். கேட்கவில்லை. பேச்சு வாங்கினேன்.

எனக்குப் பிறகு பலருக்குச் செய்து கொடுத்தார். மெரிலேண்ட்ஸில் வீட்டில் வைத்துச் சட்டை தைக்கிற லைலாவுக்குச் செய்தார். ஊர்ப் பெண்கள் பிளவுஸை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எனக்கு ஒரு மணித்தியாலம் விளக்கினார். அவரோடு இருப்பது லேசு இல்லை. சாப்பிட வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய் எதையோ மாற்றுவார். சமையல் ஒன்றும் வராது. அவர் வைத்த பருப்பை நான் ஒரு முறை சாப்பிட்டேன், அது போதும். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் தான் பிழை என்று கண்டால் அந்த இடத்திலேயே அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். மனிதர் பிழையாக எழுதியதைப் பார்த்துச் சிரிக்காமல், இப்படி ஏன் எழுதினார்கள் என்று யோசித்தார். எனக்குத் தெரிந்த படித்தவர், படியாதவர் ஒருவரும் அப்படிச் செய்து நான் காணவில்லை.

போன வருடம் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அதில் இருந்து அக்கா எழும்பவில்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன்; பிறகு சொல்ல எனக்கு வராது.

ஒப்பரேஷன் அன்று காலை நானும் மனுசியும் போனோம். அக்கா கட்டிலில் சாய்ந்து இருந்தார். கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்தது. மற்றக் கையில் ஃபோன். எங்களைக் கண்டதும் சுகம் கேட்கவும் விடவில்லை.

"சிறி, இதைப் பிடி. சரியா இரத்தம் எடுக்கேக்க ஒரு கோல் வந்தது. உன்ர வெப்சைட் பக்கத்தில இருந்து வந்த கோல்தான். இவள் நேர்ஸ் கையை விடேல்ல, எடுக்கேலாமல் போச்சு. மெசேஜும் விடேல்ல."

"அக்கா, அதைப் பிறகு பாப்பம். இப்ப நீங்கள்..."

"பிறகென்ன பிறகு? அவள் இப்ப ஃபோனைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறாள். இன்னும் ரெண்டு நிமிசத்தில கூகிளில கீழ இருக்கிற அடுத்தவனுக்கு எடுப்பாள்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மனுசி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா என்னைத்தான் பார்த்தார்.

"திருப்பி எடு, தம்பி. 'மன்னிக்கவேணும், உடன எடுக்கேலாமல் போச்சு' எண்டு முதல்ல சொல்லு. இஞ்ச நிண்டு கத்தாத, நோயாளியள் படுத்திருக்கினம். வெளியில போய் எடு. போ, இப்பவே போ."